காலியாக விட்ட வரி

விருத்தாசலம்,
19 ஏப்ரல் 2020

அன்புள்ள வெண்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்ற சொல்லை இந்த மாதம் யாருக்கும் எழுதக் கை வரவில்லை. புனேயில் அந்த எட்டாவது மாடியில் நீ எப்படி இருக்கிறாய்? சமைத்துச் சாப்பிடுகிறாயா, இல்லை பிஸ்கட்டும் காப்பியும்தானா?

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, கடிதமாக எழுது என்று நீ சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "ஒங்க ரெண்டு பேருக்கும் கிறுக்கு புடிச்சிருக்குதா? அப்புறம் போனு எதுக்கு இருக்குது?" என்றார். தபால்காரரும் வருவதில்லை, அதனால் இது மின்னஞ்சல். நீ அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வைத்துவிட்டுப் போனாயே, அந்தக் கறுப்புத் திரை எடிட்டர், அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஏண்டி, இதில் ஒரு பட்டன்கூடக் கிடையாதா? எழுத்தைத் தடிமனாக்க வழியில்லை, கலர் இல்லை, பூ பார்டர் இல்லை. இத்தனை வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை டைப் செய்கிறவளுக்கு இதைப் பார்த்தால் மொட்டை அடித்துவிட்டது போல இருக்கிறது. முதல் நாள் இதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் மெயின் சுவிட்சையே அணைத்தேன், தெரியுமா?

கடை பூட்டிக் கிடக்கிறது. சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு அடித்து வைத்த பத்திரிகைக் கட்டுகள் அப்படியே அடுக்கில் இருக்கின்றன. யாரும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செராமிக் எஸ்டேட்டில் சூளைகளை அணைத்துவிட்டார்களாம். வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் வேப்பூர் வரைக்கும் நடந்து, அங்கே ஏதாவது லாரி கிடைக்குமா என்று நிற்கிறார்களாம்.

நூலகம் மூடுவதற்கு முந்தின நாள் ஒரு தடிமனான நாவலின் முதல் பாகத்தை எடுத்து வந்தேன். இரண்டாம் பாகத்தை வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் வீட்டை விட்டுப் போகிறாள். நீ அதைப் படித்திருக்கிறாய் என்று தெரியும். அவள் திரும்பி வருவாளா, மாட்டாளா? அதை மட்டும் சொல்.

உங்கப்பாவை ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். துண்டை மூக்கு வரைக்கும் கட்டியிருந்தார். "பாப்பா, அது எப்பிடி இருக்குது?" என்று கேட்டார். அது என்றால் நீதான். நல்லா இருக்குது என்றேன். அவர் தனியாக வரவில்லை. கூட இருந்தவர் பெயரை எழுதினால் நீ இந்தக் கடிதத்தை இந்த வரியோடு மூடிவிடுவாய், அதனால் எழுதவில்லை.

சீக்கிரம் பதில் போடு.

உன்,
அன்பு

*

புனே,
26 ஏப்ரல் 2020

அன்புள்ள அன்புக்கு,

பிஸ்கட்டும் காப்பியும்தான். கண்டுபிடித்துவிட்டாய், சந்தோஷமா?

எடிட்டரைத் திட்டாதே. பார்டரும் பூவும் இல்லாததால்தான் அதை வைத்தேன். அதில் எழுத்து மட்டும்தான் இருக்கும், என்ன எழுதினாயோ அது மட்டும் தெரியும். நான் ஆபீஸ் வேலை, மளிகைக் கணக்கு, பார்த்த படம், படித்த புத்தகம் எல்லாவற்றையும் அதில்தான் எழுதி வைக்கிறேன். நாள் முழுக்க அந்தத் திரையையே பார்ப்பதால் சுவரைப் பார்த்தாலும் கறுப்பாகத் தெரிகிறது. பக்கத்துப் பிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று இத்தனை நாள் தெரியாது. இப்போது அவர்கள் இருமும்போது தெரிகிறது.

ராத்திரி ஆனால் ஒரு படம். நேற்று பார்த்ததில் ஒரு ரயில்வே கேட்காரர், அவருடைய கேட், எப்போதாவது போகிற ரயில். வேறொன்றும் நடக்காது. உனக்குப் பிடிக்காது, எனக்குப் பிடித்திருந்தது. நாவலின் முடிவைச் சொல்ல மாட்டேன். நூலகம் திறக்கும், காத்திரு.

அந்தம்மாவைப் பற்றி நீ பெயரை எழுதினாலும் ஒன்றுதான், எழுதாமல் சாடை பேசினாலும் ஒன்றுதான். அம்மா செத்து வருஷம்கூட திரும்பவில்லை. நான் கல்லூரியிலிருந்து பொங்கலுக்கு வந்தால், அப்பா கொளஞ்சியப்பர் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு ராஜாம்பாள் என்று ஒருத்தியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கம்பெனியில் இவர் சூளைக்குத் தீ போடுகிறவர், அவள் பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதுகிறவள். கூடத்தில் இருந்த அம்மாவின் போட்டோ அந்த இடத்தில் இல்லை. அன்றைக்குப் பையைக் கீழே வைக்காமலே திரும்பி பஸ் ஏறினேன். என்னை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டது நீதான். உனக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் கேட்டால் நல்லா இருக்கிறேன் என்றே சொல்.

அன்புடன்,
வெண்பா

*

விருத்தாசலம்,
4 அக்டோபர் 2020

அன்புள்ள வெண்பாவுக்கு,

கடை திறந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறது என்று சொல்லவே வாய் கூசுகிறது. கல்யாணப் பத்திரிகைக்கு ஆள் இல்லை. எல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான்.

உனக்குத் தெரியாததல்ல, நம் ஊரில் ஆள் செத்தால் பொழுது விடிவதற்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். மேலே போட்டோ, அதன் கீழே தோற்றம், மறைவு, கடைசியில் இன்னார் மனைவி, இன்னார் மக்கள் என்று வருத்தத்தில் இருப்பவர்களின் பெயர். ஜனங்கள் செத்தவர் முகத்தைப் பார்ப்பதைவிட அந்தக் கடைசி வரிகளைத்தான் உற்றுப் படிக்கிறார்கள். எந்த மருமகன் பெயர் விட்டுப்போச்சு, எந்தத் தம்பி பெயர் முதலில் வந்தது, இதெல்லாம் அங்கேதான் தெரியும். கம்மாபுரத்தில் ஒரு வீட்டில் பெயர் விட்டுப்போனதுக்காகக் காரியத்தன்றே அடிதடி ஆனது. அதனால் என் கடையில் ஒரே சட்டம்: வீட்டாள் ஒருவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்து, சரி என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் அச்சு. அவர்கள் கொடுத்ததில் நான் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். இப்போது எல்லோரும் அவசரத்தில் வருகிறார்கள், ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. விரல் எல்லாம் வீங்கிவிட்டது.

உங்கப்பா கடைக்கு வந்தார். போஸ்டருக்கு இல்லை, பயப்படாதே. வாசலுக்கு வெளியிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, நீ எனக்கு என்னென்ன படம் பார்த்ததாக எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். சொல்லக்கூடாது என்று நீ சொல்லவில்லையே? ஒவ்வொன்றாகப் போனில் தேடிப் பார்க்கிறாராம். "நாங்க ரெண்டு பேரும் பாத்தோம் பாப்பா. அந்தக் கேட்டு போடறாரே, அந்தப் படம். யாரும் சிரிக்கவே மாட்டறாங்க. இதெல்லாம் எதுக்குப் பாக்குது அது? தனியா இருக்கற புள்ள, நல்லா சிரிக்கற மாரி படமா பாக்கச் சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கோபித்துக்கொண்டாலும் சரி, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன்,
அன்பு

*

புனே,
11 அக்டோபர் 2020

அன்புள்ள அன்புக்கு,

"நாங்க ரெண்டு பேரும்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். அப்புறம் வந்து மீதியைப் படித்தேன். இனிமேல் நான் பார்க்கிற படத்தின் பெயரை உனக்கு எழுதலாமா கூடாதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

உன் விரலுக்கு ஒரு வழி செய்திருக்கிறேன். நேற்று உன் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன நிரலை வைத்தேன். அந்தக் கறுப்பு எடிட்டரைத் திறந்தால் வரிசையாகக் கேட்கும்: பெயர், ஊர், தோற்றம், மறைவு, மனைவி அல்லது கணவர், மக்கள். எதிரில் நிரப்பிவிட்டு ஒரு விசையைத் தட்டினால், கடைசியாக நீ அடித்த போஸ்டரில் இருக்கும் பெயர்கள் போய்ப் புதியவை வந்து உட்காரும். பார்டர், பூ, விளக்கு எல்லாம் உன்னுடையதே. திட்டின எடிட்டர்தான் இப்போது உனக்குச் சோறு போடப்போகிறது.

அவரிடம் மாஸ்க்கை மூக்குக்கு மேலே போடச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
வெண்பா

*

விருத்தாசலம்,
2 மே 2021

வெண்பா,

நேற்றிலிருந்து போன் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். இதையாவது திறந்து படி.

உங்கப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூச்சு வாங்க ஆரம்பித்து நாலைந்து நாள் ஆகியிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சூளை மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். உள்ளே யாரையும் விடுவதில்லை. ராஜாம்பாள் அக்கா வெளியே புளிய மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார், பையில் அவருக்கு மாற்று வேட்டி, ஒரு பிளாஸ்க். வீட்டுக்குப் போங்க அக்கா என்றேன். "நான் இந்தாண்ட போனதும் கூப்புட்டாங்கன்னா?" என்றார். பெயரை எழுதிவிட்டேன். இனிமேல் சாடை பேச எனக்குத் தெம்பு இல்லை.

வார்டில் ஒரு நர்ஸ் எனக்குத் தெரிந்தவர். போனை உங்கப்பா காதில் வைத்துவிடுகிறேன் என்கிறார். அப்பா பேச வேண்டாம், நீ பேசினால் போதும், கேட்பார். என்ன வேண்டுமானாலும் பேசு. பார்த்த படத்தைப் பற்றிப் பேசு. ஒரே ஒரு தடவை பண்ணுடி, கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்பு

*

புனே,
4 மே 2021

அன்புக்கு,

எனக்கும் பாசிட்டிவ். அதனால்தான் போன் எடுக்கவில்லை, பேசினால் இருமல் நிற்பதில்லை. விமானம் ஏற முடியாது, ஏறினாலும் உள்ளே விட மாட்டார்கள். இரண்டு நாளாக எழுந்து தண்ணீர் பிடித்துக்கொள்வதே பெரிய வேலையாக இருக்கிறது. இங்கே யாருக்கும் சொல்லவில்லை, நீயும் உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

நர்ஸ் சொன்ன நேரத்துக்குப் போட்டேன். காதில் வைத்தார்கள் என்று நினைக்கிறேன், ஏதோ மிஷின் சத்தம் கேட்டது. எனக்குப் பேச வரவில்லை. அப்பா என்றுகூடச் சொல்லவில்லை. இருமிக்கொண்டே இருந்தேன், அப்புறம் லைன் போய்விட்டது.

டாக்டரிடம் பேசினேன். அவர் சொன்னதை நான் எழுத மாட்டேன். எப்போது என்னால் எழுத முடியாமல் போகும் என்று தெரியவில்லை, அதனால் இப்போதே அனுப்புகிறேன். தேவைப்படாமல் போனால் அழித்துவிடு. தேவைப்பட்டால் உன் சட்டப்படி ஒரு எழுத்தையும் மாற்றாமல் போடு.

பெயர்: கோ. பழமலைநாதன்
ஊர்: கருவேப்பிலங்குறிச்சி
தோற்றம்: 1957
மறைவு:
மனைவி:
மகள்: வெண்பா

மறைவை நீ நிரப்பிக்கொள். மனைவி என்ற வரியை நான் மறந்து விடவில்லை. தெரிந்துதான் காலியாக விட்டிருக்கிறேன்.

வெண்பா

*

விருத்தாசலம்,
9 மே 2021

என் வெண்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை காலையில் போனில் நான் எதையும் சரியாகச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அவரைப் பொட்டலமாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். நகராட்சி வண்டி நேராகச் சுடுகாட்டுக்குப் போனது. வீட்டாள் யார் என்று கேட்டார்கள். ராஜாம்பாள் அக்கா நான்தான் என்றார். தூரமாக நில்லுங்க என்றார்கள், தூரமாக நின்றார். முகத்தைக் காட்டவில்லை.

நான் அங்கிருந்து ஓடி வந்து போஸ்டரை எடுத்தேன். பன்னிரண்டு மணிக்குக் கடையை அடைத்தாக வேண்டும், அதற்கு முன்னால் இரண்டு போஸ்டர் முடித்திருந்தேன். நீ அனுப்பியதை அப்படியே எடிட்டரில் நிரப்பினேன். நீ காலியாக விட்ட வரியைக் காலியாகவே விட்டேன். விசையைத் தட்டினேன், அச்சுக்குக் கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்து படிக்க யாரும் இல்லை. நானும் படிக்கவில்லை வெண்பா. அந்தப் போட்டோவைப் பார்க்க முடியாமல் திரையைத் தள்ளிவைத்துவிட்டேன். போஸ்டர் ஒட்டுகிற தமிழ்செல்வன் வந்து கட்டை வாங்கிக்கொண்டு போய் பாலக்கரையிலிருந்து செராமிக் எஸ்டேட் வரைக்கும் ஒட்டிவிட்டான்.

நீ வைத்துக் கொடுத்த நிரல், ஒரு வரியைக் காலியாக விட்டால் பழையதை அழிப்பதில்லை. அதற்கு முந்தின போஸ்டர் வேப்பூரில் ஓட்டல் வைத்திருந்த ஜெயராஜ் என்பவருக்கு. அவர் மனைவி பெயர் அங்கேயே நின்றுவிட்டது. உங்கப்பா முகத்துக்குக் கீழே "மனைவி மாரியம்மாள், மகள் வெண்பா" என்று ஊர் பூராவும் ஒட்டியிருக்கிறது.

நேற்று ராஜாம்பாள் அக்கா ஷட்டரைத் தட்டினார். நான் பாதி தூக்கினேன். அவர் உள்ளே வரவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு நின்றார். கேட்டது இதுதான், ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதுகிறேன்:

"பாப்பா, யாரு அந்த மாரியம்மா? எனக்குத் தெரியாம அவருக்கு இன்னொரு வூடு இருந்துச்சா? இருந்தா சொல்லிடு. நான் சண்டைக்கெல்லாம் போவ மாட்டேன். அவங்களுக்கும் தகவல் சொல்லணுமில்ல, பாவம்."

மிஷின் தப்பு அக்கா, என் தப்பு அக்கா, வேற ஊர்க்காரங்க பேரு அக்கா என்று உளறினேன். நம்புவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் சிரித்தார். சிரித்துக்கொண்டே அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். அம்மா கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்.

போகும்போது சொன்னார்: "அந்தப் பேர மறைச்சு மேல ஒண்ணு ஒட்டுவியில்ல? அதுல அக்கா பேரப் போட்டுடு. விருத்தாம்பாள்னு. செத்தவங்க பேரப் போடக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லியே. அது பாத்தா அதுக்கும் மனசு ஆறும்."

அது என்றால் நீ. அக்கா என்றால் உன் அம்மா.

வெண்பா, அந்த இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டியாக வேண்டும். வெறும் வெள்ளைத் தாளா, பெயரா, யார் பெயர்? நீ சொல்லாமல் நான் செய்ய மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், திட்டினாலும் பரவாயில்லை. அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தது நீயும் இல்லை, நானும் இல்லை.

உன்,
அன்பு

*

புனே,
11 மே 2021

அன்புக்கு,

தப்பு உன்னுடையது இல்லை. நிரல் என்னுடையது. அந்த வரியை ஒருவர் காலியாக விடுவார் என்று எழுதும்போது நான் நினைக்கவில்லை. மனைவியோ கணவனோ யாராவது ஒருவர் பெயர் எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அதில் முதலில் காலியாக விட்டவளும் நான்தான்.

ஆனால் இதைக் கேள். என் அம்மா பெயரை அந்தம்மா எடுத்துக் கொடுத்து நான் போட வேண்டியதில்லை. அவளுக்கு என்ன உரிமை, என் அம்மாவை அக்கா என்று சொல்ல? உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

மாரியம்மாள் என்ற பெயர் இன்னொரு நாள்கூட அப்பா முகத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. ராஜாம்பாள் என்று போடு. பெயர் மட்டும். மனைவி என்று நான் சொல்ல மாட்டேன். ஒட்டுத்தாள் "மனைவி" என்ற சொல்லையும் சேர்த்து மறைக்கிற அகலத்துக்கு இருக்கட்டும். அதன் மேல் "ராஜாம்பாள்", அவ்வளவுதான். இதற்கு மேல் என்னால் முடியாது அன்பு. இதுவே எனக்கு மூச்சு வாங்குகிறது.

வெண்பா

*

விருத்தாசலம்,
15 மே 2021

அன்புள்ள வெண்பாவுக்கு,

இருமல் குறைந்ததா? வாசனை தெரிகிறதா? அதை முதலில் எழுது.

ஒட்டுத்தாள் அச்சடித்தேன். முழு ஊரடங்கு வந்துவிட்டது, தமிழ்செல்வன் வெளியே வரப் பயப்படுகிறான். அதனால் மைதா பசையைக் காய்ச்சித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, காலையில் மளிகைக்கு விடுகிற நேரத்தில் நானே போனேன். போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி வாளியைத் திறக்கச் சொன்னார். பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

செராமிக் எஸ்டேட் வாசலில் வாட்ச்மேன் தகரக் கொட்டகைக்குள் ஒன்று ஒட்டியிருந்தது. அங்கே ஒட்டும்போது பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. ராஜாம்பாள் அக்கா. விருத்தாம்பாள் என்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிட்டே வந்து படித்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். படித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். "இது... அது போடச் சொல்லுச்சா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார் வெண்பா. ஆஸ்பத்திரியில் அழவில்லை, சுடுகாட்டில் அழவில்லை. "அது நல்லா இருக்கணும், ஒரு கொறையும் இல்லாம நல்லா இருக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் படித்தது "மனைவி ராஜாம்பாள்" என்று. தாளைக் கத்தரிக்கும்போது என் கை நீ சொன்ன அகலத்துக்குப் போகவில்லை. மாரியம்மாள் என்ற பெயரை மறைக்கிற அளவுக்குத்தான் வெட்டினேன். அதற்கு முன்னால் இருக்கிற சொல் நீ போட்டதும் இல்லை, நான் போட்டதும் இல்லை. வேப்பூர்க்காரர் வீட்டிலிருந்து வந்தது. அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

நீ கொடுத்ததில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. தாளைத்தான் சின்னதாக வெட்டினேன்.

உன்,
அன்பு

*

விருத்தாசலம்,
21 நவம்பர் 2021

அன்புள்ள வெண்பாவுக்கு,

இது நான்காவது கடிதம். முந்தின மூன்றையும் நீ திறந்தாயா என்றுகூடத் தெரியவில்லை. உன் ஆபீஸுக்குப் போன் போட்டு, வேலைக்கு வருகிறாய் என்று தெரிந்துகொண்டேன். உயிரோடு இருக்கிறாய், அது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். போதவில்லை.

நூலகம் திறந்துவிட்டது. இரண்டாம் பாகம் திரும்பி வரவில்லை. எடுத்துப் போனவர் வீட்டில் விசாரித்தார்களாம், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், புத்தகம் எங்கே என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. இப்போதாவது சொல்லேன், அவள் திரும்பி வருவாளா?

திட்டியாவது ஒரு வரி எழுது. காலியாக மட்டும் விடாதே.

உன்,
அன்பு

*

புனே,
17 ஏப்ரல் 2022

அன்புக்கரசி அவர்களுக்கு,

வாடிக்கையாளராக எழுதுகிறேன். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி போஸ்டருக்கான விவரம் கீழே இருக்கிறது. மே ஏழாம் தேதி விடியும்போது ஒட்டியிருக்க வேண்டும்.

அதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு விருத்தாசலம் வந்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை, உங்கள் கடை இருக்கும் பாலக்கரை பக்கமும் வரவில்லை. வாரிசுச் சான்றிதழ் வேலைக்காக வந்தவள், வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். "உள்ள வாம்மா, நீ என் பேரப் போடச் சொன்ன புள்ள" என்று ராஜாம்பாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அம்மாவின் போட்டோ அப்பா படுத்திருந்த கட்டிலுக்கு நேர் எதிரில் மாட்டியிருந்தது. நான் பையோடு திரும்பிப்போன அன்றைக்கு அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

சோறு போட்டார். போடப் போட, "மனைவின்னு போட்டியே, மனைவின்னு போட்டியே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் செய்யாத நல்லதுக்கு என்னை நன்றி வாங்க வைத்துவிட்டீர்கள். மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சோறு இறங்கவும் இல்லை. நீங்கள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரியாக இருப்பதாலேயே உங்களை மன்னிக்க முடியவில்லை. எனக்கு இருந்த ஒரே ஒரு சொல்லை நானாகக் கொடுக்கும் வரைக்கும் நீங்கள் காத்திருக்கவில்லை. கொடுத்திருப்பேனா என்று கேட்டால் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை.

திரும்பும் வழியில் வாட்ச்மேன் கொட்டகையில் எட்டிப் பார்த்தேன். மழைச் சாரலில் ஒட்டுத்தாள் உரிந்து விழுந்துவிட்டது. மறுபடியும் மாரியம்மாள்தான் இருக்கிறாள். அதனால்தான் இந்த போஸ்டர்.

நிரலைத் திருத்தி உங்கள் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டேன். இனிமேல் எந்த வரி காலியாக இருந்தாலும் அச்சுக்குப் போகாமல் நின்றுவிடும். வீட்டாள் சார்பில் ராஜாம்பாள் உங்கள் எதிரில் உட்கார்ந்து படிப்பார். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு நான் கடிதம் எழுத மாட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்: அந்த நாவலின் இரண்டாம் பாகத்தில் அவள் திரும்பி வருவதில்லை.

பெயர்: கோ. பழமலைநாதன்
ஊர்: கருவேப்பிலங்குறிச்சி
தோற்றம்: 1957
மறைவு: 7.5.2021
மனைவியர்: விருத்தாம்பாள் (மறைவு), ராஜாம்பாள்
மகள்: வெண்பா

ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். இந்த முறை எந்த வரியும் காலியாக இல்லை.

ப. வெண்பா